கரியமில வாயு சாம்பல் என்றால், அதை வைத்து எப்படி உயிர் வாழ்வது?

கேள்வி இது: "ஆக்சிஜனே இல்லாத இடத்தில் வாழும் சில பாக்டீரியாக்கள் கார்பன் டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஃபார்மிக் அமிலம், மெத்தனால், மீத்தேன் மாதிரி ஒன்றிரண்டு கார்பன் அணு மட்டுமே உள்ள பொருட்களை வைத்தே வாழ்கின்றன என்று படித்தேன். கார்பன் டை ஆக்சைடு என்பது எரிந்து முடிந்த சாம்பல்தானே? சாம்பலில் என்ன ஆற்றல் மிச்சம் இருக்கும்? எரிக்க ஆக்சிஜனும் இல்லை. பிறகு எப்படி?" கூடவே, பூமியின் முதல் உயிர் இப்படித்தான் வாழ்ந்தது என்கிறார்களே, அது உண்மையா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பது ஒன்று. வருகிற கொஞ்சம் ஆற்றலை அந்தச் சின்ன உயிர் எப்படிப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்பது இன்னொன்று. முதல் கேள்விக்குப் பதில் சுலபம். இரண்டாவதுதான் நுண்ணுயிரியலாளர்களைப் பல பத்தாண்டுகள் அலைக்கழித்தது. நான் காற்றில்லாச் சூழலில் வளரும் பாக்டீரியாக்களைப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆய்வகத்தில் வளர்த்து வருகிறேன். முக்கியமாக அசிட்டிக் அமிலம் உண்டாக்கும் வகைகள். அதனால் அந்தப் பகுதியில் கொஞ்சம் நீளமாகவே பேசுவேன்.

முதலில் அந்தச் 'சாம்பல்' விஷயம். ஒரு பொருளுக்குள் ஆற்றல் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது, அதை உடைத்தால் வெளியே கொட்டும் என்று நினைப்பதுதான் குழப்பத்தின் வேர். ஆற்றல் எந்த ஒரு பொருளுக்குள்ளும் தனியாக இல்லை. எலக்ட்ரான்களைத் தளர்வாகப் பிடித்திருக்கும் பொருள் ஒன்று, அவற்றை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும் பொருள் இன்னொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு எலக்ட்ரான் இறங்கும்போது ஆற்றல் வெளிப்படுகிறது. மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் பாய்வதைப் போல. நாம் சாப்பிடும் குளுக்கோஸ் மேடு, சுவாசிக்கும் ஆக்சிஜன் மிக ஆழமான பள்ளம். ஒரு மோல் குளுக்கோஸ் முழுதாக எரிந்தால் சுமார் 2,870 கிலோஜூல் கிடைக்கிறது. அதிலிருந்து நம் செல்கள், ஒரு குளுக்கோஸ் மூலக்கூறுக்கு ஏறத்தாழ 30 என்ற கணக்கில், ஏடிபி மூலக்கூறுகளைச் செய்துகொள்கின்றன. ஏடிபிதான் செல் தன் வேலைகளுக்குச் செலவழிக்கும் ஆற்றல் நாணயம். அதே குளுக்கோஸ் ஆக்சிஜன் இல்லாமல் இரண்டு லாக்டிக் அமிலமாகப் பிளந்தால் கிடைப்பது சுமார் 200 கிலோஜூல், இரண்டே இரண்டு ஏடிபி. மேடு அதேதான், பள்ளம்தான் ஆழமில்லை.

இந்தக் கண்ணால் பார்த்தால் கார்பன் டை ஆக்சைடு யார் என்பது விளங்கிவிடும். அதிலுள்ள கார்பன் கொடுக்க வேண்டிய எலக்ட்ரான்களை எல்லாம் கொடுத்து முடித்துவிட்டது. கொடுப்பதற்கு இனி ஒன்றும் இல்லை, நீங்கள் சொன்னது சரி. ஆனால் வாங்கிக்கொள்ள முடியும். அதைவிடத் தளர்வாக எலக்ட்ரானைப் பிடித்திருக்கும் ஒன்று, உதாரணமாக ஹைட்ரஜன் வாயு, பக்கத்தில் இருந்தால் போதும். அப்போது ஹைட்ரஜன்தான் உணவு. நமக்கு ஆக்சிஜன் என்ன வேலை செய்கிறதோ அந்த வேலையை இவற்றுக்குக் கார்பன் டை ஆக்சைடு செய்கிறது. இவை சாம்பலைத் தின்னவில்லை, சாம்பலைச் சுவாசிக்கின்றன.

இதை ஆய்வகத்தில் கண்ணால் பார்க்கலாம். தடித்த கண்ணாடிக் குப்பியில் உப்பும் வைட்டமினும் கலந்த நீரைக் கொதிக்கவைத்து, நைட்ரஜன் ஓட்டிக் காற்றை வெளியேற்றுவோம். ரெசாசுரின் என்ற சாயம் துளி போட்டிருப்போம். முதலில் நீலமாக இருப்பது சூடேறும்போது இளஞ்சிவப்பாகும். சிஸ்டீனும் சோடியம் சல்ஃபைடும் சேர்த்ததும் அந்தச் சிவப்பும் கரைந்து நிறமே இல்லாமல் போகும். அதுதான் ஆக்சிஜன் போய்விட்டது என்பதற்கு அடையாளம். ரப்பர் மூடியை ஊசியால் அதிகமுறை குத்திய பழைய குப்பி என்றால், மறுநாள் காலை நீரின் மேல்விளிம்பில் மெல்லிய சிவப்பு வளையம் தெரியும். காற்று கசிந்திருக்கிறது என்று அர்த்தம், அந்தக் குப்பியில் எதுவும் வளராது. கசியாத குப்பியில் ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் அழுத்தமாக நிரப்பி, அசிட்டோபாக்டீரியம் உடீ என்ற பாக்டீரியாவைச் சில துளி விட்டு, 30 டிகிரியில் குலுக்கிக்கொண்டே வைப்போம். சில நாட்களில் நீர் கலங்கும். அப்போது ஊசியோடு ஒரு கண்ணாடி சிரிஞ்சை மூடியில் செருகினால், அதன் தண்டு தானாகவே உள்ளே இழுபடும். நான்கு பங்கு ஹைட்ரஜனும் இரண்டு பங்கு கார்பன் டை ஆக்சைடும், ஆக ஆறு பங்கு வாயு, ஒரு பங்கு அசிட்டிக் அமிலமாக நீரில் கரைந்துவிட்டது. குப்பிக்குள் வெற்றிடம் உண்டாகிவிட்டது. இதை முதல்முறை பார்த்த அன்று வேறு வேலை எதுவும் எனக்கு ஓடவில்லை. வாயுவை மட்டும் கொடுத்து ஓர் உயிரை வளர்த்திருக்கிறோம் என்பது விரல்நுனியில் தெரிந்த நாள் அது.

இப்படி வாழும் உயிரினத்தை முதலில் பிரித்தெடுத்தவர் நெதர்லாந்தின் வீரிங்கா, 1936-ல். கிளாஸ்ட்ரிடியம் அசெட்டிகம் என்று பெயரிட்டார். அந்த வளர்ப்பு பின்னால் தொலைந்துபோய், வெகுகாலம் கழித்துப் பழைய வித்துகளிலிருந்து மீண்டும் எழுப்பப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் ஆராய்ச்சியைத் தாங்கியது 1942-ல் குதிரைச் சாணத்திலிருந்து கிடைத்த இன்னொரு பாக்டீரியா. இன்று அதற்கு மூரெல்லா தெர்மோஅசெட்டிகா என்று பெயர். அது ஒரு குளுக்கோஸைக் கிட்டத்தட்ட மூன்று அசிட்டிக் அமிலமாக மாற்றியது. ஆறு கார்பன் உள்ள குளுக்கோஸ் உடையும்போது இரண்டு கார்பன்கள் கார்பன் டை ஆக்சைடாகப் போய்விட வேண்டும், மிச்சம் இரண்டு அசிட்டிக் அமிலம்தான் வர வேண்டும். மூன்றாவது எங்கிருந்து வந்தது? 1945-ல் பார்க்கரும் கேமனும் கதிரியக்கக் கார்பனைக் கொண்டு, வெளியேறிய கார்பன் டை ஆக்சைடே திரும்ப அசிட்டிக் அமிலமாகிறது, அதன் இரண்டு கார்பன்களிலும் அந்தக் கதிரியக்கம் இருக்கிறது என்று காட்டினார்கள். வழி முழுதாகத் துலங்க மேலும் 40 வருடம் ஆனது. அதில் பெரும்பங்கு ஹார்லண்ட் உட், லார்ஸ் யுங்டால் இருவருடையது, அதனால் அதற்கு உட்–யுங்டால் பாதை என்றே பெயர்.

அந்தப் பாதைக்கு இரண்டு கிளைகள். ஒரு கிளையில் ஒரு கார்பன் டை ஆக்சைடு ஃபார்மிக் அமிலமாகிறது. அது ஓர் ஏடிபியைச் செலவழித்து டெட்ராஹைட்ரோஃபோலேட் என்ற தாங்கியில் ஏறிக்கொள்கிறது, படிப்படியாக எலக்ட்ரான்களை வாங்கி மெத்தில் தொகுதியாக மாறுகிறது. மற்ற கிளையில் இன்னொரு கார்பன் டை ஆக்சைடு கார்பன் மோனாக்சைடாகிறது. இரண்டும் ஒரு பெரிய நொதியின் நிக்கல், இரும்பு, கந்தகக் கொத்தில் சந்தித்து ஒட்டிக்கொண்டு அசிட்டைல் கோஏ ஆகின்றன. அதிலிருந்து அசிட்டிக் அமிலம் கழன்று வெளியேறும்போது ஓர் ஏடிபி கிடைக்கிறது. மெத்திலைத் தூக்கிக்கொண்டு போவது கோபால்ட் உள்ள, வைட்டமின் பி12 குடும்பத்து மூலக்கூறு. மூரெல்லாவில் ஃபார்மிக் அமிலம் செய்யும் நொதியில் டங்ஸ்டன் இருக்கிறது. வளர்ப்பு நீர் தயாரிக்கும்போது இந்த உலோக உப்புகளைக் கடுகளவு சேர்க்க மறந்தால் வளர்ச்சி தளர்ந்துவிடும், காரணம் புரியாமல் ஒரு வாரம் போய்விடும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஓர் ஏடிபி செலவு, ஓர் ஏடிபி வரவு. லாபம் பூஜ்யம். ஆனால் குப்பியில் பாக்டீரியா வளர்கிறதே! கைக்கு மிஞ்சிய ஏடிபி இல்லாமல் எந்தச் செல்லும் புரதம் செய்ய முடியாது, இரண்டாகப் பிரிய முடியாது. இந்த முரண்பாடுதான் நான் சொன்ன இரண்டாவது கேள்வி, என் பார்வையில் இந்தத் துறையின் மிக அழகான கேள்வியும் இதுதான்.

திட்ட நிலையில், அதாவது ஒப்பிடுவதற்காக வேதியியலாளர்கள் வைத்திருக்கும் நிலையான செறிவுகளில், இந்த வினையில் மொத்தமாக 95 கிலோஜூல் கிடைக்கும். சேற்றிலும் குடலிலும் ஹைட்ரஜன் மிகக் குறைவு என்பதால் உண்மையில் கிடைப்பது அதில் பாதிக்கும் கீழே. உயிருள்ள செல்லில் ஓர் ஏடிபி செய்ய ஏறக்குறைய 60 முதல் 70 கிலோஜூல் வேண்டும். அதாவது ஒருமுறை வினை நடந்தால் ஓர் ஏடிபிக்குக் கூட காணாது. நோட்டாக வாங்கினால்தான் வரவு என்றால் இந்தப் பாக்டீரியா பட்டினிதான். அது சில்லறையாகச் சேர்க்கிறது. சேர்க்கும் உண்டியல், செல்லின் சவ்வு. சவ்வுக்கு வெளியே அயனிகளை ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்து, அவை திரும்பி உள்ளே பாயும்போது ஒரு சுழலும் நொதியின் வழியாக விட்டு ஏடிபி செய்வது. நம் மைட்டோகாண்ட்ரியாவும் இதைத்தான் செய்கிறது. 1961-ல் பீட்டர் மிட்சல் இதை முன்வைத்தபோது பலர் ஏற்கவில்லை, 1978-ல் அதற்கே நோபல் பரிசு கிடைத்தது.

அசிட்டோபாக்டீரியம் உடீயில் தள்ளப்படும் அயனி சோடியம். தள்ளும் இயந்திரத்துக்கு ஆர்என்எஃப் என்று பெயர். நைட்ரஜனை நிலைப்படுத்தும் வேறொரு பாக்டீரியாவில் முதலில் கண்டதால் வந்த பெயர் அது. ஃபெரிடாக்சின் என்ற புரதத்திடமிருந்து எலக்ட்ரானை வாங்கி என்ஏடி என்ற, எலக்ட்ரானைச் சுமக்கும் சிறு மூலக்கூறிடம் கொடுக்கிறது, அந்த இறக்கத்தில் கிடைக்கும் ஆற்றலால் சோடியத்தை வெளியே தள்ளுகிறது. ஆனால் இங்கே ஒரு சிக்கல். ஃபெரிடாக்சின் ஹைட்ரஜனைவிட மேட்டில் இருக்கிறது. மேட்டின் உயரத்தை மின்னழுத்தமாக அளப்போம், மைனஸ் கூடக் கூட மேடு உயரம். ஹைட்ரஜனின் மின்னழுத்தம் மைனஸ் 414 மில்லிவோல்ட், அதுவும் தாராளமாகக் கிடைக்கும்போது. ஃபெரிடாக்சின் செல்லுக்குள் மைனஸ் 450 முதல் 500 வரை. பள்ளத்திலிருந்து மேட்டுக்குத் தண்ணீரை யார் ஏற்றுவது?

இதற்கான விடை 2008-ஐ ஒட்டித்தான் வந்தது. ருடால்ஃப் தாவர், வொல்ஃப்காங் பக்கல் இருவரும் காட்டிய 'எலக்ட்ரான் பிரிப்பு'. ஒரே நொதி இரண்டு எலக்ட்ரான்களை ஒன்றாக வாங்கி, ஒன்றைப் பள்ளத்துக்கு அனுப்புகிறது. அது விழும் வேகத்தில் மற்றதை மேட்டுக்குத் தூக்கிவிடுகிறது. ஏற்றம் இறைப்பவர் தன் உடல் எடையைக் கீழே இறக்கி நீரை மேலே கொண்டுவருவாரே, அந்த மாதிரி. உடீயின் ஹைட்ரஜன் நொதி இதைச் செய்கிறது. இரண்டு ஹைட்ரஜனை வாங்கி ஒரு ஃபெரிடாக்சினையும் ஒரு என்ஏடியையும் நிரப்புகிறது.

ஒரு தாளை எடுத்துக்கொண்டு கூடவே போடுங்கள், ஏனென்றால் இந்தக் கணக்கு மிகக் கச்சிதமாக வரும். நான்கு ஹைட்ரஜனில் ஒன்று நேரடியாக ஃபார்மிக் அமிலம் செய்யப் போய்விடுகிறது. மிச்சம் மூன்று பிரிக்கும் நொதிக்கு வருகின்றன, ஒன்றரை ஃபெரிடாக்சினும் ஒன்றரை என்ஏடியும் நிரம்புகின்றன. பாதைக்குத் தேவை எவ்வளவு? கார்பன் மோனாக்சைடு செய்ய ஒரு ஃபெரிடாக்சின், மெத்தில் கிளையின் இரண்டு படிகளுக்கு இரண்டு என்ஏடி. ஆக ஃபெரிடாக்சின் அரை மிச்சம், என்ஏடி அரை பற்றாக்குறை. மிச்சமான அந்த அரை, ஆர்என்எஃப் வழியாகப் போய்ப் பற்றாக்குறையை ஈடுகட்டுகிறது. போகிற வழியில் ஒரே ஒரு சோடியம் அயனியை வெளியே தள்ளுகிறது. அந்த ஒரு சோடியம்தான் மொத்த லாபம். ஏடிபி செய்யும் நொதிக்கு ஓர் ஏடிபிக்குச் சுமார் 3.3 சோடியம் வேண்டும். அப்படியானால் ஓர் அசிட்டிக் அமிலத்துக்கு 0.3 ஏடிபி. ஒரே ஓர் ஏடிபி சம்பாதிக்க இந்தச் செல் 13 ஹைட்ரஜன் மூலக்கூறுகளைச் செலவழிக்கிறது. இந்த எண்களை ஃப்ராங்க்ஃபர்ட்டில் ஃபோல்கர் முல்லரின் குழு நொதி நொதியாகப் பிரித்தெடுத்து நிறுவியது. ஆனால் இது உடீக்கு மட்டுமே பொருந்தும் கணக்கு. கிளாஸ்ட்ரிடியம் யுங்டாலீ சோடியத்துக்குப் பதில் ஹைட்ரஜன் அயனியைத் தள்ளுகிறது. மூரெல்லாவிடம் ஆர்என்எஃப் இயந்திரமே இல்லை, வேறொன்றை வைத்துச் சமாளிக்கிறது. அதனால் 'அசிட்டோஜென்களுக்கு (இப்படி அசிட்டிக் அமிலம் உண்டாக்கும் பாக்டீரியாக்களுக்கு) இத்தனை ஏடிபி' என்று பொதுவாக ஒரு எண்ணைப் பார்த்தால் எந்த இனம், எந்த உணவு என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.

அடுத்து கார்பன் மோனாக்சைடு. நம் ரத்தத்தில் ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொண்டு ஆளையே கொல்லும் வாயு. பாக்டீரியாக்களுக்கும் அது தொல்லைதான், ஹைட்ரஜன் நொதிகளின் உலோக மையத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆனால் எலக்ட்ரான் கணக்கில் அது பெரிய பணக்காரன், மைனஸ் 520 மில்லிவோல்ட். ஃபெரிடாக்சினை நிரப்ப எந்தத் தந்திரமும் வேண்டாம், நேரே இறங்கும். சமாளிக்கத் தெரிந்த பாக்டீரியாவுக்கு அது ஹைட்ரஜனைவிட நல்ல உணவு. ருஷ்யாவின் கிழக்கே குனாஷிர் தீவின் வெந்நீர் ஊற்றிலிருந்து எடுத்த கார்பாக்ஸிடோதெர்மஸ் என்ற பாக்டீரியா இன்னும் எளிமையாக வாழ்கிறது. கார்பன் மோனாக்சைடும் நீரும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜனும் ஆவதில் கிடைக்கும் சுமார் 20 கிலோஜூலே அதற்குப் போதும். ஃபெரிடாக்சினிடமிருந்து எலக்ட்ரானை எடுத்து ஹைட்ரஜன் வாயுவாக வெளியேற்றும் சவ்வு நொதியே அயனியையும் தள்ளிவிடுகிறது.

ஃபார்மிக் அமிலமும் மெத்தனாலும் அதே பாதையில் நடுவில் ஏறிக்கொள்பவை, அதனால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஃபார்மிக் அமிலம் முதல் படியைத் தாண்டி நுழைகிறது. மெத்தனாலின் மெத்தில் தொகுதி, கோபால்ட் தாங்கி வழியாக நேரடியாக நுழைகிறது. நான்கு மெத்தனாலில் ஒன்று பாதையில் பின்னோக்கிப் போய் முழுதாக ஆக்சிஜனேற்றம் அடைந்து எலக்ட்ரான் கொடுக்கும், மற்ற மூன்றும் அதை வைத்து அசிட்டிக் அமிலமாகும். ஒரே பொருள் கொடுப்பவனாகவும் வாங்குபவனாகவும் இருக்கிறது. நொதித்தல் என்ற சொல்லின் சாரமே இதுதான்.

ஆனால் நான் மாணவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பது இவை எதையும் அல்ல, ஆக்சாலேட்டைத்தான். இரண்டே கார்பன், இரண்டும் ஏறக்குறைய முழுதாக ஆக்சிஜனேற்றம் அடைந்தவை, சாம்பலுக்கு ஒரு படி முன்னால் நிற்பது. ஆக்சலோபாக்டர் ஃபார்மிஜெனஸ் என்ற பாக்டீரியா அதை மட்டுமே தின்று மனிதர்கள், ஆடுமாடுகள் வயிற்றில் வாழ்கிறது. ஆக்சாலேட் உடைந்து ஃபார்மேட்டும் (ஃபார்மிக் அமிலத்தின் அயனி வடிவம்) கார்பன் டை ஆக்சைடும் ஆகிறது, கிடைப்பது சுமார் 25 கிலோஜூல். இந்த வினைக்கென்று அயனி தள்ளும் இயந்திரம் எதுவும் அதனிடம் இல்லை. அது செய்வது இவ்வளவுதான்: சவ்விலுள்ள ஒரு கதவு வழியாக, இரண்டு எதிர்மின்சுமை கொண்ட ஆக்சாலேட் உள்ளே வரும்போது ஒரு எதிர்மின்சுமை கொண்ட ஃபார்மேட் வெளியே போகிறது. ஒவ்வொரு பரிமாற்றத்திலும் உள்ளே ஒரு எதிர்மின்சுமை கூடுகிறது. ஆக்சாலேட் உடையும் வினை உள்ளிருக்கும் ஒரு ஹைட்ரஜன் அயனியையும் விழுங்கிவிடுகிறது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள், ஒரு ஹைட்ரஜன் அயனியை வெளியே தள்ளியதற்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை! வரவும் போக்குமே பம்பாகிவிட்டது. ஏறக்குறைய மூன்று சுற்றுக்கு ஓர் ஏடிபி. இந்தப் பாக்டீரியாவைக் காட்டிச் சிறுநீரகக் கல்லைத் தடுக்கலாம் என்று விளம்பரங்கள் வருகின்றன. ஆக்சாலேட்டை அது உடைக்கிறது என்பது உறுதி. அதை மாத்திரையாக விழுங்கினால் நோயாளிக்குப் பலன் உண்டு என்பது இதுவரை நடந்த சோதனைகளில் நிரூபணமாகவில்லை. நான் மருத்துவன் இல்லை, கல் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்பதே சரி.

இதே வரிசையில் வெனிஸ் நகரக் கால்வாய்ச் சேற்றிலிருந்து பெர்ன்ஹார்ட் ஷிங்கும் நார்பெர்ட் ஃபெனிக்கும் எடுத்து 1982-ல் விவரித்த புரோபியானிஜீனியம் மாடஸ்டம் உண்டு. சக்சினேட்டிலிருந்து ஒரு கார்பன் டை ஆக்சைடைக் கழற்றுவதில் வரும் 20 கிலோஜூலில் அது வாழ்கிறது. கழற்றும் நொதியே சவ்வில் உட்கார்ந்து சோடியத்தைத் தள்ளுகிறது. இந்த உதாரணங்களை வைத்து 20 கிலோஜூல்தான் உயிர் வாழக் குறைந்தபட்ச ஆற்றல் என்று வெகுகாலம் சொல்லப்பட்டது. அதை விதியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அதைவிடக் குறைவில் வாழும் கூட்டங்கள் சேற்றில் அளக்கப்பட்டிருக்கின்றன. ஓர் அயனியைத் தள்ள முடிகிற அளவு என்பதுதான் கொள்கை, அந்த அளவு செல்லுக்குச் செல் மாறும்.

உங்கள் கேள்வியில் மீத்தேனும் வருவதால் ஒரு சின்ன விளக்கம். மீத்தேன் உண்டாக்குபவை பாக்டீரியா அல்ல, ஆர்க்கியா என்ற தனிக் கிளை. பழைய புத்தகங்கள் மீத்தேன் பாக்டீரியா என்றே எழுதியிருக்கும். அவையும் ஹைட்ரஜனுக்குப் போட்டி போடுகின்றன. அவற்றுக்குக் கிடைப்பது திட்ட நிலையில் 131 கிலோஜூல் என்பதால், அசிட்டோஜென்களால் தொடமுடியாத அளவுக்கு ஹைட்ரஜன் குறைந்த பிறகும் அவற்றால் உண்ண முடியும். வயல் சேற்றில் பெரும்பாலும் அவையே ஜெயிப்பது இதனால்தான். ஆனால் மரம் தின்னும் பல கரையான்களின் குடலில் அசிட்டோஜென்களே ஜெயிக்கின்றன, அவை தரும் அசிட்டேட்டே (அசிட்டிக் அமிலத்தின் அயனி வடிவம்) கரையானுக்கு உணவு. ஏன் அங்கே மட்டும் நிலைமை தலைகீழ் என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு, எதுவும் இன்னும் முழுத் தீர்ப்பு ஆகவில்லை.

போட்டி மட்டுமல்ல, கூட்டும் உண்டு. எத்தனாலை மீத்தேனாக்கும் ஒரே உயிரினம் என்று பல வருடம் நம்பப்பட்ட ஒரு வளர்ப்பு, 1967-ல் பிரயண்டும் வோலினும் பிரித்துப் பார்த்தபோது இரண்டு உயிரினங்கள் என்று தெரிந்தது. ஒன்று எத்தனாலை அசிட்டேட்டும் ஹைட்ரஜனும் ஆக்குகிறது. திட்ட நிலையில் அந்த வினைக்கு ஆற்றல் கிடைக்காது, பத்துக் கிலோஜூல் போல வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். ஆனால் மற்றது பக்கத்திலேயே நின்று ஹைட்ரஜனை உடனுக்குடன் உறிஞ்சிவிடுவதால் பள்ளம் ஆழமாகி வினை ஓடுகிறது. தனியாக விட்டால் முதலாவது தன் சொந்த ஹைட்ரஜனிலேயே மூச்சுத் திணறி நின்றுவிடும்.

மீத்தேனை ஆக்சிஜன் இல்லாமல் உண்பதும் இப்படிப்பட்ட கூட்டு வேலைதான். கடலடிச் சேற்றில் ஒரு வகை ஆர்க்கியா, மீத்தேன் செய்யும் பாதையைத் தலைகீழாக ஓட்டி எலக்ட்ரான்களை எடுக்கிறது, ஒட்டிக்கொண்டிருக்கும் பாக்டீரியா அவற்றைச் சல்ஃபேட்டுக்குக் கொடுக்கிறது. இந்தக் கொத்துகளை 2000-ல் நுண்ணோக்கியில் காட்டினார்கள். எலக்ட்ரான் ஒன்றிலிருந்து மற்றதுக்கு எப்படிப் போகிறது என்பதில் நேரடியாக, கம்பியில் மின்சாரம் போவதுபோல என்பதற்கு வலுவான சான்றுகள் இப்போது இருக்கின்றன. எல்லாக் கூட்டுக்கும் அதே வழிதான் என்று சொல்லும் கட்டத்துக்கு நாம் இன்னும் வரவில்லை.

இவ்வளவு குறைந்த வரவில் வாழ்வதால் ஒரு விளைவு உண்டு. இவை வாங்கும் கார்பனில் மிகச் சிறு பங்குதான் உடலாகிறது, மற்றதெல்லாம் கழிவாக வெளியேறுகிறது. பாக்டீரியாவுக்கு அது வறுமை, தொழிற்சாலைக்கு அதுதான் வேண்டும். முயல் சாணத்திலிருந்து 1994-ல் கிடைத்த கிளாஸ்ட்ரிடியம் ஆட்டோஎத்தனோஜீனம் கார்பன் மோனாக்சைடிலிருந்து எத்தனால் தருகிறது. 2018-ல் சீனாவின் ஓர் எஃகு ஆலையின் கழிவு வாயுவைக் கொண்டு வணிக அளவில் அதை ஓட்டத் தொடங்கினார்கள்.

சரி, முதல் உயிர் பற்றிய கேள்வி. உறுதியானது என்ன? உட்–யுங்டால் பாதை பாக்டீரியாவிலும் ஆர்க்கியாவிலும் இருக்கிறது. கார்பனை நிலைப்படுத்தும் பாதைகளில் ஓட்டுவதற்கு ஏடிபி மிகக் குறைவாகக் கேட்பது அதுதான். அதன் மைய நொதிகளில் உள்ள இரும்பு, நிக்கல், கந்தகக் கொத்துகள் கனிமங்களை ஒத்திருக்கின்றன. 1997-ல் ஹூபரும் வாக்டர்ஸ்ஹாய்சரும் நொதி எதுவும் இல்லாமல், இரும்பு நிக்கல் சல்ஃபைடின் மேல் கார்பன் மோனாக்சைடும் மீத்தேன்தயோலும் சேர்ந்து அசிட்டிக் அமிலத்தின் ஊக்கமுற்ற வடிவத்தைத் தருவதைக் காட்டினார்கள். 2020-ல் ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் சில இரும்புக் கனிமங்களின் மேல் ஃபார்மேட், அசிட்டேட், பைருவேட் வரை போவது காட்டப்பட்டது. இவை ஆய்வகத்தில் நடந்தவை, சந்தேகம் இல்லை. இதிலிருந்து முதல் உயிர் ஓர் அசிட்டோஜென் போன்றது என்று போவது ஊகம். நல்ல ஊகம், எனக்கும் பிடித்த ஊகம், ஆனால் ஊகம்தான். 2016-ல் மரபணுக்களை ஒப்பிட்டு அனைத்துயிரின் பொது மூதாதை ஹைட்ரஜனை உண்டு வாழ்ந்தது என்று வந்த முடிவை, மரபணுக்கள் இனம் விட்டு இனம் தாவுவதைக் காட்டிக் கேள்வி கேட்பவர்களும் இருக்கிறார்கள். அந்தப் பொது மூதாதையும் முதல் உயிரும் ஒன்றல்ல என்பதையும் நினைவில் வையுங்கள், நடுவில் நீண்ட காலம் கிடக்கிறது. எனக்குப் பெரிய இடைவெளியாகத் தெரிவது இது: கனிமங்களின் மேல் அசிட்டேட் உண்டாவதைக் காட்டிவிட்டார்கள், ஆனால் அந்த வினையில் வெளிப்படும் ஆற்றலைக் கொண்டு சவ்வுக்கு வெளியே ஒரே ஓர் அயனியையாவது தள்ளும் எளிய அமைப்பை, நொதி இல்லாமல், இன்னும் யாரும் செய்து காட்டவில்லை.